சார்புநூலுக்கும் ஒரு நீதி உண்டு

சற்று நீண்ட பதிவு. ஒப்பிலக்கியத்திலும் ஊடகவியலிலும் ஆய்வு செய்வோர் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

திரைப்படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ ஒட்டி, உரிமம் பெற்று வெளிவரும் அறிவியல் புனைகதைச் சித்திரக்கதைகளைக் குறித்து யார் கட்டுரை வாசித்தாலும், அவையில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இது மூலக்கதையோடு பொருந்துகிறதா?” பொருந்தவில்லையென்றால் பிழைபட்ட படைப்பு என்று ஒதுக்குகிறார்கள். பொருந்துகிறதென்றால் வெறும் நகல் என்று ஒதுக்குகிறார்கள். இரண்டு விடைக்கும் தோல்வியே மதிப்பெண் என்றால் அதை ஆய்வுமுறை என்று அழைப்பது தகாது. இந்தக் கேள்வியே தவறான இடத்திலிருந்து பிறக்கிறது என்பது என் வாதம்.

இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒரு கதையில் வரும் செய்தி, அதே உலகைச் சேர்ந்த பிற கதைகளின் செய்திகளோடு முரண்படாமல் இருப்பது தொடர்ச்சி. கதை தனக்கென வகுத்துக்கொண்ட விதிகளுக்கும், தன் மாந்தரின் இயல்புக்கும், தான் உயர்த்திப் பிடிக்கும் விழுமியத்துக்கும் உண்மையாக இருப்பது ஏற்புடைமை. முன்னதைச் சரிபார்க்க ஒரு பட்டியல் போதும். பின்னதை அறியத் திறனாய்வு வேண்டும். பட்டியல் எளிது என்பதாலேயே நம் துறைகள் அதைத் திறனாய்வின் இருக்கையில் அமர்த்திவிட்டன.

1967-இல் அமெரிக்காவின் கோல்டு கீ நிறுவனம் வெளியிடத் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ சித்திரக்கதைகளைப் பாருங்கள். முதல் இதழ்களை வரைந்த நெவியோ ஸக்காராவும் அவருக்குப் பின் வந்த ஆல்பெர்த்தோ ஜொலித்தியும் இத்தாலியர்கள். தொடரைப் பார்க்கும் வாய்ப்பில்லாமல் புகைப்படங்களை வைத்தே வரைந்தவர்கள். ஆகவே எண்டர்பிரைஸ் கலத்தின் பின்புறத்திலிருந்து ராக்கெட்டைப் போல நெருப்புச் சீறிற்று. அரை நூற்றாண்டாக இந்த நெருப்பைக் காட்டித்தான் அந்த இதழ்களை எள்ளி நகையாடுகிறார்கள். ஆனால் அதே வரிசையின் முதல் இதழின் முடிவில் நிகழ்வது என்ன? ஆபத்தான தாவரங்கள் நிறைந்த ஒரு கோளின் உயிர்கள் அனைத்தையும் வானிலிருந்தபடியே அழித்துவிட்டு எண்டர்பிரைஸ் தன் வழியே போகிறது. அந்நிய உயிரைப் புரிந்துகொள்வதையே தன் அறமாக அறிவித்துக்கொண்ட தொடரின் பெயரால் இது நடக்கிறது. நெருப்பு வெறும் தொடர்ச்சிப் பிழை. கோளை எரித்ததே ஏற்புடைமையின் முறிவு. முன்னதைப் பிடித்துக்கொண்டு பின்னதைக் கடந்துபோகும் வாசிப்பை நுண்மையான வாசிப்பு என்று எப்படி ஒப்புவது?

அடுத்தது ‘ஸ்டார் வார்ஸ்’. மார்வெலின் சித்திரக்கதை 1977-இல் படம் திரைக்கு வருமுன்பே கடைகளுக்கு வந்துவிட்டது. அதில் ஜப்பா என்னும் கடத்தல் தலைவன், மீசை முளைத்த, இரண்டு கால்களில் நிற்கும் மெலிந்த உருவம். 1983-இல் திரையில் தோன்றிய ஜப்பாவோ பெருத்த நத்தை போன்றவன். இந்த முரணை ஆற்றப் பின்னாளில் ஒரு விளக்கம் புனையப்பட்டது: முன்னர்க் கண்டது ஜப்பா அல்லன், அவனுடைய கணக்கன்! தொடர்ச்சியைக் காக்கும் வேலை எத்தகையது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் கிடைக்காது. வரலாற்று மாணவருக்கு வேண்டிய செய்தி வேறு. 1977-இல் ஜப்பாவின் உருவம் இன்னும் முடிவாகவில்லை. ஒரு கற்பனை உலகம் உறையுமுன் இருந்த இளகிய நிலைக்கு அந்தப் பக்கம் சான்றாக நிற்கிறது. முரண்பாடு ஆய்வாளருக்குக் கிட்டிய ஆவணம். அதை ‘பிழை’ என்று அடித்துவிட்டு மேலே செல்வோர் தம் கையிலிருந்த சான்றைத் தாமே எறிகிறார்கள்.

இனி, ‘அதிகாரபூர்வமான கதை’ எது என்பதை முடிவுசெய்வது யார்? 2012-இல் டிஸ்னி, லூகாஸ்பிலிம் நிறுவனத்தை வாங்கியது. 2014 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்தது. அதுவரை வெளிவந்திருந்த புதினங்களும் சித்திரக்கதைகளும் அநேகமாக முழுவதும் ‘லெஜண்ட்ஸ்’ என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டன. முதல் நாள் வரை ‘நடந்தவை’ மறுநாள் முதல் ‘நடக்காதவை’ ஆயின. அக்கதைகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது வணிகத் தேவை. ஒதுக்கிய கதைகளை அச்சிட்டு விற்பதையும் நிறுவனம் நிறுத்தவில்லை. 1978-இல் தோன்றிக் கேலிக்கு ஆளான ஜாக்ஸன் என்னும் பச்சை முயல்கூட 2018-இல் புதிய இதழொன்றில் திரும்பி வந்தது. உரிமையாளரே இவ்வளவு நெகிழ்வோடு நடத்தும் ஒரு வரையறையை, நம் ஆய்வேடுகள் மட்டும் கல்வெட்டாகக் கொண்டு தொழுவது ஏன்?

நான் வாழும் பிரேசர் டவுன், மைசூரில் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை 1910-இல் பெற்ற பகுதி. பின்னர் அரசு இதற்குப் புலிகேசி நகர் என்று பெயர் சூட்டியது. சட்டமன்றத் தொகுதி புதிய பெயரில் இருக்கிறது. மக்கள் நாவில் பழைய பெயர் இருக்கிறது. நகர வரலாறு எழுதுபவர் ஆணையில் உள்ள பெயரை மட்டும் ஏற்று மற்றதை இல்லையென்று எழுதினால் அவரை யாரும் வரலாற்றாளராக மதிக்கமாட்டோம். ஊர்ப்பெயருக்கு நாம் தரும் இந்த எளிய நியாயம் சித்திரக்கதைக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

இந்த விவாதத்துக்கு வேண்டிய கலைச்சொற்களை மேலைநாட்டிலிருந்துதான் பெறவேண்டும் என்பதும் இல்லை. நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுக்கிறது நன்னூல். முன்னோர் நூலின் முடிபை ஒத்தும், பின்னவன் வேண்டும் வேறுபாட்டைக் கொண்டும் இயல்வது வழிநூல். முன்னைய நூல்களோடு ஒருபுடை ஒத்து, திரிபும் உடையதாவது சார்புநூல். அதாவது, வேறுபடுதல் இங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. இலக்கணத்தின் உறுப்பாகவே சொல்லப்படுகிறது. இப்பகுப்பு இலக்கண நூல்களை முன்வைத்து எழுந்தது, கதைகளுக்குப் பொருந்தாது என்று மறுப்பவர்கள் கம்பனை நினைத்துப் பார்க்கட்டும். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்துச் செல்கிறான். இதைத் தொடர்ச்சிப் பிழை என்று எவரும் குறித்ததில்லை. தன் காப்பிய உலகின் ஏற்புடைமைக்காக மூலத்தின் செய்தியை மாற்றினான் கவிஞன் என்றுதான் வகுப்பறையில் கற்பிக்கிறோம். காலையில் அந்தப் பாடத்தை நடத்திவிட்டு, மாலையில் சித்திரக்கதை ஆய்வை ‘மூலத்தோடு பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறோம்.

தமிழ் வாசகருக்கு மிக அணுக்கமான சான்று இரும்புக்கை மாயாவி. இது படத்தை ஒட்டி எழுந்த கதையன்று. ஆயினும் ஒரு நாட்டின் தொடர் மற்றொரு மொழியில் வேறு வடிவம் கொண்டதால் இதே கேள்வி இங்கும் எழுகிறது. 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய கதை. ஓவியர் ஸ்பெயினைச் சேர்ந்த ஹெசுஸ் பிளாஸ்கோ. ஆய்வக உதவியாளனான லூயிஸ் கிராண்டேல் விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பெறுகிறான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். எஃகுக் கை மட்டும் தெரியும். சற்று நேரத்தில் உருவம் மீளும். தொடக்கத்தில் குற்றவாளி, பிறகு உளவாளி. வாரந்தோறும் சில பக்கங்களாக வந்த இக்கதைகள், 1972-இல் சிவகாசியிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸில் தனித்தனிப் புத்தகங்களாயின. முதல் வெளியீடே மாயாவிதான்.

இயற்பியலின்படி இக்கதை ஒரு நொடியும் நிற்காது. ஆயினும் தலைமுறைகள் ஏற்றன. விதி தெளிவாக இருந்தது. விதிக்கு ஒரு விலையும் இருந்தது. மறைந்தவனைக் காட்டிக்கொடுக்க ஒரு கை எப்போதும் வெளியே இருந்தது, மின்சாரமின்றி மறைய இயலாது, மறைவு நிலைக்காது. வேலியண்டின் வார வரிசையைக் கண்டிராத வாசகன் இந்த விதிகளைக் கைக்கொண்டுதான் ஒவ்வொரு புத்தகத்தையும் எடை போட்டான். ஏற்புடைமையைத் தனியே சுவைக்கத் தெரிந்த வாசிப்புப் பண்பாடு இது. நம் கோட்பாடுகள் இந்த வாசகனை இன்னும் எட்டவில்லை.

மறுப்பு ஒன்று நியாயமானது: தொடர்ச்சியை விட்டால் எதையும் எழுதிவிடலாமே? இல்லை. இறந்தவன் காரணமின்றி அடுத்த இதழில் எழுந்து வந்தால் முதல் இதழில் வாசகன் பட்ட துயரம் ஏமாற்றாகிவிடும். அந்த அளவில் தொடர்ச்சி வாசகனுக்குக் கொடுத்த வாக்கு. அதைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் அப்போதும் நாம் காப்பது ஏற்புடைமையையே. கலத்தின் வடிவமும், ஆண்டுக் கணக்கும், ஒருவனது மீசையும் இந்த வாக்கில் அடங்கா. 1977-க்கும் 1980-க்கும் இடையில் எழுதிய மார்வெல் ஆசிரியர்களிடம், வேடர்தான் லூக்கின் தந்தை என்பதை ஏன் உணர்த்தவில்லை என்று கேட்பது, எழுதப்படாத நூலை ஏன் படிக்கவில்லை என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

இவற்றையெல்லாம் ரசனைப் பூசல் என்று விட்டுவிட முடியாது. ‘மூலமல்ல’ என்று முத்திரையிடப்பட்டதை நூலகம் வாங்காது. வாங்காததை மாணவர் படிக்கமுடியாது. படிக்காததற்கு வழிகாட்டி கிடைக்கமாட்டார். மார்வெலின் ‘ராம்’ என்னும் விண்வீரன் கதை ஒரு பொம்மையை விற்பதற்காக 1979-இல் தொடங்கி, பொம்மை மறக்கப்பட்ட பின்னும் 75 இதழ்கள் வந்தது. உரிமச் சிக்கலால் பல பத்தாண்டுகள் மறுபதிப்பே காணவில்லை. அதைக் காத்தவர்கள் பழைய இதழ்களைப் பெட்டியில் வைத்திருந்த வாசகர்கள். தமிழிலும் எனக்கு வேண்டிய பழைய இதழ்கள் தனியார் சேகரிப்புகளில்தான் கிட்டின. நான் தேடிச்சென்ற பல்கலைக்கழக நூலகங்களில் முழு வரிசை ஒன்றும் இல்லை. அந்தச் சேகரிப்பாளர்கள் முதுமை எய்திவருகிறார்கள். மலிவுத் தாள் நமக்காகக் காத்திருக்காது.

ஆகவே நெறியாளர்களிடம் என் வேண்டுகோள்: மாணவர் ஒருவர் இத்தகைய நூலைக் கொண்டுவந்தால், ‘மூலத்தோடு பொருந்துகிறதா’ என்று கேட்காதீர்கள். இது தனக்கு வகுத்துக்கொண்ட விதி என்ன, எங்கே அதைக் காத்தது, எங்கே யாருடைய வசதிக்காக மீறியது என்று கேளுங்கள். முரண்பாடு கண்டால் அதன் ஆண்டைக் குறிக்கச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு: உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ்கள் கிடந்தால் எடைக்குப் போடுமுன் பட்டியலாவது எடுத்துவையுங்கள். எது கதையில் ‘நடந்தது’ என்பதை உரிமையாளர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அறிவிக்கட்டும். எது அச்சானது, எது வாசிக்கப்பட்டது என்பதை எழுதிவைக்கும் கடமை நம்முடையது.