பால் ஊறுமுன் வீடு திரும்பும் தாய்

கல்லடியிலிருந்து பிள்ளைப்பேற்றுக்குப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகிற தாய், சுகப்பிரசவம் என்றால் ஓரிரு நாளில் வீட்டில் நிற்பாள். பால் நன்றாக ஊறுவதோ இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். மார்பு கல்லாகக் கட்டுவதும், காம்பு வெடிப்பதும், பிள்ளை இரவிரவாக அழுவதும் தாதியர் அருகில் இல்லாத அந்த நாட்களில்தான். "பிள்ளைக்குப் பால் காணாது" என்று யாரோ சொல்ல, பால்மாப் பேணி வீட்டுக்குள் வருகிறது. பால்மாவால் வயிறு நிறைந்த பிள்ளை மார்பை ஊன்றிச் சப்பாது. சப்பாவிட்டால் சுரப்புக் குறையும். வெறும் பயமாக இருந்தது ஒரு கிழமைக்குள் உண்மையாகிவிடும்.

குடும்பநல உத்தியோகத்தர் முதல் பத்து நாளுக்குள் இருமுறை வீட்டுக்கு வரவேண்டும் என்பது நம் நாட்டு ஏற்பாடு. அருமையான ஏற்பாடு. அந்த வருகையில் நிறை பார்த்துப் பதிவதோடு நில்லாமல், பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்று பக்கத்தில் இருந்து பார்க்க நேரம் வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் பிள்ளை நாளுக்கு ஆறு தடவையாவது சலம் கழித்து, நிறையும் ஏறினால் பால் போதும். இதை அம்மம்மாவும் அறிந்திருந்தால் பேணிக்குத் தேவையே வராது.

2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். பல நாடுகள் எட்டாத அளவு. அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். இதற்கு வறுமையும் நோயும் காரணம்; ஆறு மாதத்துக்குப் பிறகு கோப்பையில் என்ன இருக்கிறது என்பதும் காரணம். அந்த வயதில் பிள்ளை பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து தீர்ந்துவரும். தாய்ப்பாலில் அது சொற்பம். தண்ணீராய் ஓடும் கஞ்சி சின்ன வயிற்றை நிரப்புமே தவிர நிறையைக் கூட்டாது. வாவியும் கடலும் இருபுறமும் கிடக்கும் ஊரில், "செமிக்காது" என்று பிள்ளைக்கு மீனை மறுப்பது எனக்குப் பெரும் வேதனை. முள் நீக்கிய மீனைக் குழைந்த சோற்றோடு மசித்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு ஆறு மாதம் முடிந்ததும் பழக்கலாம். முட்டையும் பயறும் அப்படியே.

பெரிய அரச வைத்தியசாலைகளில் பாலூட்டல் முகாமைத்துவ நிலையங்கள் இயங்குகின்றன. பிள்ளைக்கு ஆறு மாதமான தாய்க்கும் அந்தக் கதவு திறந்திருக்கவேண்டும். ஒரு அடுப்பும் சட்டியும் வைத்து, எவ்வளவு கெட்டியாக மசிப்பது என்று அங்கேயே சமைத்துக் காட்டட்டும். வீடு போன தாய்மார் இரவில் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கத்தையும் துண்டு வெட்டும்போதே கொடுத்தனுப்பட்டும்.