லாலானுக்கு நெருப்பு வைத்த கதை

2025 ஜூனில் இஸ்ரேலும் அடுத்து அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கியபோது, ஜாசின் ஒட்டுக்கடையில் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் சட்டென்று தீர்ப்புச் சொன்னார்: "முளையிலேயே கிள்ளிட்டாங்க." நம்மில் பலருக்கும் இதே எண்ணம்தான். ஆனால் கிள்ளினால் சாகாததும் உண்டு என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். லாலான் புல்லை வெட்டினாலும் கொளுத்தினாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். அந்தத் தீர்ப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஒசிராக்கை அடித்ததால்தான் சதாமுக்குக் குண்டு கிடைக்கவில்லை."

1981 ஜூன் 7 அன்று இஸ்ரேலிய விமானங்கள் தகர்த்த ஈராக்கின் அந்த ஒசிராக் அணு உலை, பிரான்ஸ் கட்டிக்கொடுத்தது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருந்தது. அது போனதும் ஈராக் அதிபர் சதாம் ஓயவில்லை. யார் கண்ணிலும் படாத யுரேனியச் செறிவூட்டலுக்கு மாறினார். 1991இல் ஈராக்மீது குண்டு பொழிந்தவர்களுக்கே பல கூடங்கள் இருப்பது தெரியாது. பிறகு உள்ளே போன ஆய்வாளர்கள்தாம் அவற்றைத் தேடிப்பிடித்துக் கலைத்தார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்தது போர்தான்; ஆனால் அது குவைத்தை மீட்க நடந்த போர்.

"சிரியாவில் பலித்ததே?"

பலித்தது. 2007இல் இஸ்ரேல் தகர்த்த உலை மீண்டும் எழவில்லை. அது தரைமேல் நின்ற ஒற்றைக் கட்டடம். ஈரானின் ஃபோர்டோ நிலையமோ மலைக்கடியில் இருக்கிறது. 60 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் இருப்பதைத் தாக்குதலுக்கு முன் முகமை கணக்கிட்டு வைத்திருந்தது. குண்டு விழுந்த பிறகு அந்தக் கையிருப்பை நேரில் சரிபார்க்க முடியாமல் போனது.

"சந்தேகமே போதும், ஆதாரத்துக்குக் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும்."

2003 மார்ச்சில் ஐ.நா. ஆய்வாளர்கள் இன்னும் சில மாதம் அவகாசம் கேட்டார்கள். அமெரிக்கா கொடுக்கவில்லை. ஈராக்கைப் பிடித்த பிறகு சல்லடை போட்டுத் தேடியும் அணு ஆயுதத் திட்டம் எதுவும் அகப்படவில்லை.

"சோதனையாலும் பேச்சாலும் யார் அடங்கினார்கள்?"

இதற்குப் பதில் நம் மலேசியாவிலேயே இருக்கிறது. லிபியாவின் செறிவூட்டும் எந்திரங்களுக்கான பாகங்கள் ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் உருவாயின. பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் கடத்தல் வலைக்காக ஏற்பாடு செய்தவர் இலங்கை வணிகர் பி.எஸ்.ஏ. தாஹிர். எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கென்று நினைத்தே செய்ததாக அந்தத் தொழிற்சாலை நிறுவனம் சொன்னது. பெட்டிகள் துபாய் போய், 'பிபிசி சைனா' கப்பலில் ஏறின. 2003 அக்டோபரில் அக்கப்பலை இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பிப் பெட்டிகளை இறக்கினார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. டிசம்பரில் லிபியத் தலைவர் கடாஃபி திட்டத்தைக் கைவிட்டார்.

ஈராக்கைப் பார்த்த பயம் என்பார்கள். பயமும் இருந்திருக்கலாம், பொருளாதாரத் தடை நீங்கும் என்ற ஆசையும் இருந்தது. 2011இல் நேட்டோ குண்டுவீச்சுக்கிடையே அதே கடாஃபி வீழ்ந்தார். ஆயுதத்தைக் கைவிட்டவனுக்கு இதுதான் கதி என்று வட கொரியா வெளிப்படையாகவே சொன்னது.

மலேசியா செய்தது வேறு. ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 2010இல் சட்டம் இயற்றியது. பட்டியலைப் பார், உரிமம் கேள், பெட்டியைத் திற: பார்ப்பதற்குச் சப்பென்ற வேலை. லாலான் கிழங்கைக் குனிந்து தோண்டுவதும் அப்படித்தான், முதுகு வலிக்கும். நெருப்பு வைப்பது சுலபம், தூரத்திலிருந்து பார்க்கவும் நன்றாயிருக்கும்.