வேலிப் பொட்டும் ஆலய வாசலும்

பருத்தித்துறையில் நத்தாரோடு மழையும் வரும். 1958ஆம் ஆண்டளவில், பெற்றோமாக்ஸ் விளக்கைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு மெதடிஸ்த சபைப் பாடகர் வீடு வீடாகச் சென்றபோது, சிறுவனாகிய நானும் சேற்றில் கால் புதைய உடன் நடந்தேன். (நத்தார் என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அவர்தம் சமயத்தை ஏற்காத எம் சபையாரும் சொல்லை மட்டும் கைவிடவில்லை!)

கேக்கிலே முட்டை உண்டு. ஆதலின் அடுத்த வளவுச் சைவ வீட்டாருக்கென அன்னையார் பயற்றம் பணியாரத்தைத் தனியே எடுத்துவைப்பார். வேலிப் பொட்டின் வழியே தட்டுச் செல்லும். தைப்பொங்கலன்று அதே தட்டுப் புக்கையோடு திரும்பும்.

எதிர்வீட்டுக் கத்தோலிக்கத் தோழனுக்கும் தட்டுச் சென்றது. ஆனால் அவனுடைய கோயிற் குடிலை நான் வாசலில் நின்றே பார்த்தேன். எங்கள் ஆராதனைக்கு வர அவனுக்கும் அனுமதியில்லை. ஒரே பாலனின் பிறப்பைக் கொண்டாடியவரிடையே வேலியல்ல, மதிலே நின்றது. விந்தைதான்.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆணை, பிற சபையாரோடு கூடி மன்றாட வழிதிறந்தது. ரோமாபுரியில் திறந்த கதவு எமதூரில் உடனே திறந்துவிடவில்லை. சில ஆண்டுகள் கழிந்தே, ஒரு நத்தார்க் காலையில், தோழன் தன் தாயாரோடு எங்கள் ஆலயத்துட் புகுந்து தயங்கி நின்றான்.

கடைசி வாங்கிலிருந்த முதியவர் நிமிர்ந்து பார்த்தார். ஆலயமே அவரைப் பார்த்தது. அவர் தம் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சற்றே நகர்ந்து இடம்விட்டார்.