சாவோக் காட்டின் இருப்புப் பாதை

வட நாட்டில் வாழும் நமக்கு ‘சபர்’ என்னும் சொல் புதிதன்று. ரயில் நிலையத்து ஒலிபெருக்கியிலும் பக்கத்து வீட்டாரின் பேச்சிலும் நாள்தோறும் கேட்பதுதான். பிரயாணம் என்று பொருள். அரபு மொழியில் பிறந்த அச்சொல் கிழக்கே நம் நாட்டுக்கு வந்ததுபோலவே, கடல் வழியே கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்று, சுவாஹிலி மொழியில் ‘சபாரி’ ஆயிற்று. அங்கே இன்றும் எந்தப் பிரயாணத்துக்கும் அதுவே பெயர். கடைக்காரர் சரக்கு வாங்கப் போவதும் சபாரிதான். பிழைப்புத் தேடி ஒருவர் அயலூர் போவதும் சபாரிதான். மோட்டாரில் சென்று காட்டு விலங்குகளைக் காண்பதற்கு மட்டுமே அப்பெயர் என்பது வெளிநாட்டார் பிற்காலத்தில் ஏற்றிய பொருள்.

சென்ற ஆகஸ்டு மாதம் நம் சங்கத்தைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார் ஒன்றுகூடிக் கென்யா நாட்டுக்குச் சென்று வந்தோம். குழந்தைகள் நால்வர் உட்பட நாங்கள் பதினொருவர். எங்களுள் மூத்தவர், எழுபத்தைந்தைக் கடந்த பெரியவர் ஒருவர். முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மகனோடு இந்நகரில் வசித்து வருகிறார்.

எந்தப் பூங்காவுக்குப் போவது என்ற பேச்சு வந்தபோது பலரும் மசாய் மாராவைச் சொன்னார்கள். பெரியவர் மட்டும் சாவோ என்றார். பெயரைக் கேட்டதும் எங்கள் வீட்டு அம்மையார் முகம் சுளித்தார். “போகிற இடத்தின் பெயரே இப்படியா இருக்க வேண்டும்? வாயால் சொல்லவே கூசுகிறது!” என்றார். நைரோபியிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம், செலவும் குறையும் என்று தெரிந்த பிறகு எல்லோரும் இணங்கினோம். பெரியவருக்கு வேறு காரணம் ஏதேனும் உண்டா என்று நாங்கள் ஒருவரும் அன்று கேட்கவில்லை.

நைரோபிக்கும் மொம்பாஸா துறைமுகத்துக்கும் இடையே 2017ஆம் ஆண்டு முதல் புதிய ஸ்டாண்டர்டு கேஜ் பாதையில் ரயில் ஓடுகிறது. சாவோ தேசியப் பூங்கா இப்பாதைக்கு இரு மருங்கிலும் கிடக்கிறது. 1948ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இப்பூங்காவைக் கிழக்குச் சாவோ, மேற்குச் சாவோ என இரண்டாகப் பிரித்து நிருவகிக்கின்றனர். இரண்டும் சேர்ந்து 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மேடான கரையின் மீது பாதையை அமைத்து, யானைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்லக் கீழே அகன்ற வழிகள் விட்டிருக்கின்றனர். வோய் நிலையத்தை அடைவதற்கு முன்பே குழந்தைகள் ஜன்னல் வழியாக மூன்று யானைகளைப் பார்த்துவிட்டார்கள். பெரியவரோ எதிர்ப்புறத்து ஜன்னலில் அமர்ந்து, சற்றுத் தொலைவில் புதர்களுக்கிடையே தோன்றுவதும் மறைவதுமாக உடன் வந்துகொண்டிருந்த பழைய தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வோயில் எங்களுக்காகக் கூரை திறக்கும் வண்டியொன்று காத்திருந்தது. ஓட்டுநர் அருகிலுள்ள டைட்டா குன்றுகளைச் சேர்ந்தவர், நிதானமானவர். வண்டியை அவர் ‘காரி’ என்று குறிப்பிட்டதும் குழந்தைகள் சிரித்துவிட்டார்கள். கடைக்கு ‘டுகா’, தேநீருக்குச் ‘சாய்’, சப்பாத்திக்குச் ‘சப்பாத்தி’! ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கு வாழும் இந்திய மக்களின் சுவடு இச்சொற்களில் தெரிகிறது.

முதல் நாள் கிழக்குச் சாவோவில் கழிந்தது. அங்குள்ள மண் நம் தேரிக்காட்டு மண்ணைப் போன்ற செம்மண். யானைகள் அந்தப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு, சேற்றிலும் புரண்டு எழுவதால் செங்கல் நிறமாகவே காட்சியளிக்கின்றன. அருபா என்னும் நீர்த்தேக்கத்தின் கரையில் நாற்பதுக்கு மேற்பட்ட யானைகள் நின்றிருந்தன. நம் கோயில் யானையைக் கண்டு பழகிய கண்களுக்கு வேறுபாடுகள் உடனே புலப்பட்டன. காதுகள் முறம் போலன்றிப் பாயைப் போல் விரிந்திருந்தன. முதுகு நடுவில் சற்றுக் குழிந்திருந்தது. பெண் யானைகளுக்கும் தந்தங்கள் இருந்தன. கூட்டத்தை நடத்திச் செல்வது வயதில் மூத்த பெண் யானை. வறட்சிக் காலத்தில் எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பது அதன் நினைவில் இருக்கிறதாம். அது கரையேறியதும் மற்றவை குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு பின்தொடர்ந்தன. “நம் வீட்டுக் கல்யாணத்தில் அத்தை கிளம்பினால் எல்லோரும் கிளம்புவதுபோல!” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஆமோதித்தோம்.

இவ்வளவு யானைகளை இன்று காண முடிவதே பெரிய காரியம். 1970, 1971ஆம் ஆண்டுகளின் பெரும் வறட்சியில் சாவோவில் ஆயிரக்கணக்கான யானைகள் மாண்டன. அதன் பின் தந்தத்துக்காகத் துப்பாக்கி ஏந்தி வந்தவர்கள் மேலும் பல்லாயிரம் யானைகளைக் கொன்றனர். 1989ஆம் ஆண்டில் கென்ய அரசாங்கம் கைப்பற்றிய 12 டன் தந்தத்தை நைரோபியில் குவித்துத் தீயிட்டு, இவ்வாணிபமே வேண்டாமென்று உலகுக்கு அறிவித்தது. உலக நாடுகளும் அவ்வாண்டே தந்த வாணிபத்தைத் தடை செய்ய உடன்பட்டன. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சாவோப் பகுதியில் 14,964 யானைகள் இருந்தன. யானைகளை ஒன்றிரண்டு என எண்ணிக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டுப் பெரியவர் வியந்தார். “நல்ல கணக்கு,” என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் நாள் மேற்குச் சாவோ. சியுலுக் குன்றுகளின் எரிமலைப் பாறைகளினூடே ஊறி வரும் மழைநீர் முசிமா என்னுமிடத்தில் தெள்ளிய சுனையாக வெளிப்படுகிறது. மொம்பாஸா நகரத்துக்குக் குடிநீர் செல்வதும் இங்கிருந்துதான். சுனையின் கரையில் நீருக்கடியில் கண்ணாடி ஜன்னலுடன் ஒரு சிற்றறை கட்டியுள்ளனர். அதனுள் நின்று மீன் கூட்டங்களையும், நீர்யானை ஒன்றின் பருத்த கால்களையும் கண்டோம்.

பிற்பகல் மூன்று மணிக்கு அந்தச் சம்பவம் நிகழ்ந்தது. அன்று மாலை சாவோ ஆற்றின் ரயில் பாலத்தைப் பார்க்க வேண்டுமென்று பெரியவர் காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லியிருந்தார். நாங்கள் அத்திசையில் திரும்பும்போது வண்டியின் ரேடியோவில் ‘சிம்பா’ என்ற சொல் கேட்டது. சிங்கம்! எதிர்த்திசையில் ஒரு மணி நேர ஓட்டம். ஆறு மணிக்குள் பூங்காவை விட்டு வெளியேற வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதுமா என்பது ஐயம். ஓட்டுநர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் பெரியவரைப் பார்த்தோம். “குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள், போகலாம்,” என்றார் அவர். உண்மையில் குழந்தைகளைவிடப் பெரியவர்களாகிய நாங்களே அதிகம் ஆசைப்பட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிங்கத்தைக் கண்டோம். ஒரு புதரின் நிழலில் உறங்கிக்கொண்டிருந்தது. சாவோவின் ஆண் சிங்கங்கள் பலவற்றுக்குப் பிடரி மயிர் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை, இதற்கும் அப்படியே. சுற்றிலும் ஒன்பது வண்டிகள். அது ஒருமுறை வாலை அசைத்தது. எல்லோரும் படம் பிடித்துக்கொண்டோம். இருபது நிமிஷம் கழித்தும் அது கண் திறக்கவில்லை. திரும்பினோம்.

பூங்காவின் வாயிலைக் கடந்து ஆற்றங்கரையை நாங்கள் அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. “பத்து நிமிஷம், அதற்கு மேல் இங்கே வெளியில் நிற்பது நல்லதன்று,” என்றார் ஓட்டுநர். பெரியவர் இறங்கினார். பாலத்துக்குச் சற்று முன்னால் பழைய பாதையின் ஓரத்தில் நின்று, இரண்டு தண்டவாளங்களையும் பார்த்தார். “மீட்டர் கேஜ்,” என்றார். “எழும்பூரிலிருந்து மதுரைக்கு நாம் போய் வந்த அதே அகலம்.” பின்பு, தாம் இளைஞராக இருந்தபோது ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலகத்தில் இப்பாலத்தைப் பற்றிய புத்தகத்தைப் படித்ததாகவும், அன்று முதல் இதை ஒருமுறை பார்க்க விரும்பியதாகவும் சொன்னார். விடுதிக்குத் திரும்பும் வழியில் அவர் கூறியதையும், பின்பு நாங்கள் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

மொம்பாஸாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை சுமார் 930 கிலோமீட்டர் இருப்புப் பாதையைப் பிரிட்டிஷ் அரசாங்கம் 1896 முதல் 1901 வரை அமைத்தது. இதற்காக இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 32,000 தொழிலாளர்களை ஒப்பந்தத்தின்பேரில் கொண்டுசென்றனர். பெரும்பாலோர் பஞ்சாப் மாகாணத்தவர். 1898ஆம் ஆண்டில் சாவோ ஆற்றின்மேல் பாலம் கட்டும் வேலை நடந்தபோது, இரண்டு ஆண் சிங்கங்கள் இரவுதோறும் கூடாரங்களில் புகுந்து தொழிலாளர்களை இழுத்துச் செல்லலாயின. முதலில் இரையானவர்களுள் ஒருவர் உங்கன் சிங் என்னும் ஜமேதார். முள்வேலியிட்டார்கள், தீ மூட்டினார்கள், பயனில்லை. டிசம்பர் முதல் தேதியன்று தொழிலாளர் வேலையை நிறுத்தினர். தாங்கள் சர்க்கார் வேலைக்காக வந்தவர்களேயன்றிச் சிங்கத்துக்கோ பேய்க்கோ உணவாவதற்கு வந்தவர்கள் அல்லர் என்று பொறியாளர் பாட்டர்சனிடம் சொல்லிவிட்டு, தண்டவாளத்தின் குறுக்கே படுத்து ரயிலை நிறுத்தி, நூற்றுக்கணக்கானோர் ஏறிப் போய்விட்டனர். மூன்று வார காலம் வேலை நின்றது. அம்மாதத்திலேயே பாட்டர்சன் இரண்டு சிங்கங்களையும் சுட்டுக் கொன்றார்.

1907ஆம் ஆண்டில் பாட்டர்சன் இவ்வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அவர் வீட்டில் தரைவிரிப்பாகக் கிடந்த இரண்டு தோல்களையும் சிகாகோ நகரத்து அருங்காட்சியகம் 1924ஆம் ஆண்டில் 5,000 டாலருக்கு வாங்கி, உயிருள்ளவை போல் உருவமைத்தது. இன்றும் அவை அங்கே கண்ணாடிப் பேழையில் நிற்கின்றன.

“அந்தப் புத்தகத்தில் முதல் சிங்கத்தின் நீளம் ஒன்பது அடி எட்டு அங்குலம் என்று அளந்து எழுதியிருக்கிறது, தம்பி,” என்றார் பெரியவர். “ஆள்களின் கணக்குத்தான் சரியாக இல்லை.” உண்மையே. இந்தியத் தொழிலாளர் 28 பேர் என்று எழுதிய பாட்டர்சன், ஆப்பிரிக்க மக்கள் எத்தனை பேர் இறந்தனர் என்பதற்கு அரசாங்கப் பதிவே இல்லை என்கிறார். பிற்காலத்தில் அவரே மொத்தம் 135 என்றார். அருங்காட்சியகத்துச் சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் ஆராய்ந்தவர்கள் 2009ஆம் ஆண்டில் சுமார் 35 பேர் என்று கணித்தனர்.

சிங்கத்தின் வாயில் இறந்தோர் சிலரே என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது. அந்த இருப்புப் பாதை வேலையில் மாண்ட இந்தியர் ஏறக்குறைய 2,500 பேர். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் விபத்துகளும் கொண்டுபோனவர்களே மிகுதி. மைலுக்கு நால்வர் என்ற கணக்காகிறது. அவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுவார் இல்லை.

ஆனால் ஒருவர் தம்மைத் தாமே குறித்து வைத்தார். சிங்கங்கள் வீழ்ந்த பிறகு தொழிலாளர்கள் பாட்டர்சனுக்கு வெள்ளிக் கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தார்கள். ரோஷன் என்னும் மேஸ்திரி நடந்ததையெல்லாம் இந்துஸ்தானியில் பாட்டாகக் கட்டினார். அதில் தம் தகப்பனார் பெயரையும், தம் கிராமத்தின் பெயரையும், அது ஜீலம் ஜில்லாவைச் சேர்ந்தது என்பதையும் சொல்லியிருக்கிறார். பெயருக்கு முன்னே ஊரின் முதலெழுத்தைச் சேர்த்தெழுதும் வழக்கமுடைய நமக்கு அவர் மனம் புரியாமல் போகாது.

சாவோவுக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. விலங்குகள் நீர்நிலைகளில் கூடும். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னதாகவே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள். அஃதின்றிக் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் நாட்டு விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி உண்டு. மலேரியாவுக்கும் மருத்துவரைக் கேட்டு மருந்து எடுத்துச் செல்லுங்கள். சைவ உணவுக்குக் கவலை வேண்டாம். சப்பாத்தியும் பருப்பும் எங்கும் கிடைக்கின்றன. இன்னொன்று: பாலத்தைக் காலையில் பாருங்கள். சிங்கத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டால் எங்களைப் போல் பத்து நிமிஷமே கிடைக்கும்.

ஊர் திரும்பிய பின் ஒரு காரியம் செய்தோம். நம் சங்கத்து அலுவலகத்தில் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்திருக்கிறோம். நம் குடும்பங்களிலிருந்து முதன்முதலில் இந்நகருக்கு வந்தவர் யார், எந்த ஊரினர், எந்த ஆண்டில் வந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதை அதில் எழுத வேண்டும். குமாஸ்தாவோ, சமையற்காரரோ, தட்டெழுத்தாளரோ, கூலியாளோ, யாராயினும் சரி. தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். எங்கள் மூன்று குடும்பத்தாரும் எழுத அமர்ந்தபோது, எங்களில் இருவருக்குத் தம் பாட்டனார் வந்த ஆண்டு தெரியவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்.

முதல் பக்கத்தைப் பெரியவரே எழுதினார். தம் பெயர், தகப்பனார் பெயர், கிராமம், ஜில்லா, எல்லாம் நான்கு வரியில் அடங்கிவிட்டன. அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது. அன்பர்கள் வந்து எழுத வேண்டுகிறோம்.