கடைக்கு ஒரே சிட்டை போதும்



கடைக்குக் கணினி வாங்கியதும் நாம் செய்கிற முதல் காரியம், அதில் ஐந்தாறு புரோகிராம்களைப் போட்டுக் கொள்வதுதான். பில்லுக்கு ஒன்று, கடன் பற்றுக்கு ஒன்று, விலைப் பட்டியலுக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று. ஆறு மாதம் போனால் எந்த விவரம் எதில் இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாது. நம் பெரியவர்கள் அன்றாடம் நடந்ததை எல்லாம் முதலில் ஒரே சிட்டையில் குறித்தார்கள். பேரேட்டில் ஏற்றுவது அதற்குப் பிறகுதான்.

ஆற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அடியேன் பட்ட பாட்டைச் சொல்கிறேன். இராணிப்பேட்டை, மேல்விஷாரம் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் பலர் நம் வாடிக்கையாளர்கள். மாதம் முழுதும் பற்று எழுதி, சம்பளம் வந்ததும் தீர்ப்பார்கள். அந்தப் பற்று முழுவதையும் ஒரு புரோகிராமில் ஏற்றினேன். கணினி பழுதானது. விற்றவர் தொழிலை விட்டுப் போய்விட்டார். காப்பு எடுத்த பைல் கையில் இருந்தும் வேறு எதிலும் திறக்கவில்லை. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை வாடிக்கையாளரையே கேட்டு எழுதினேன். பெரும்பாலோர் நாணயமாகச் சொன்னார்கள். ஆனாலும் கடைக்காரன் கணக்கை வாடிக்கையாளரிடம் கேட்கும் நிலை வரலாமா?

அன்று முதல் என் சிட்டை நோட்பேட்தான். விண்டோசுடன் 1985 முதல் இலவசமாக வருகிற சாதாரண எழுதுபலகை அது. வெறும் எழுத்தை மட்டும் வைத்திருப்பதால், அந்தப் பைலை எந்தக் கணினியிலும், கைப்பேசியிலும் திறக்கலாம். முதல் வரியில் ஒரு புள்ளியும் அதை ஒட்டி எல், ஓ, ஜி என்ற மூன்று பெரிய ஆங்கில எழுத்துகளும் அடித்துச் சேமித்து வையுங்கள். பிறகு திறக்கும்போதெல்லாம் அன்றைய தேதியும் நேரமும் தானே விழும். கொள்முதல், பற்று, போன் நம்பர், கடிதம் எல்லாம் அதிலேயே. பெயரைத் தேடினால் நொடியில் வந்துவிடும்.

இது கடைக்காரனின் சிக்கன புத்தி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1976-இல் தொடங்கிய ஈமாக்ஸ் என்ற எழுதுபலகையிலேயே கடிதம், நாட்குறிப்பு, வேலைப் பட்டியல் அனைத்தையும் முடித்துக்கொள்ளும் கணினி வல்லுநர்கள் இன்றும் உண்டு. வெறும் எழுத்துப் பைலில் எழுதிய வரவு செலவைக் கூட்டித் தருவதற்கென்றே 2003-இல் லெட்ஜர் என்ற புரோகிராமும் வந்தது.

தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கணக்கு கோணல்மாணலாகத் தெரியும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. யூனிகோடிலேயே தட்டச்சு செய்து, யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் அந்தத் தொல்லை இல்லை.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. நோட்பேட் கூட்டிக் கழிக்காது. எழுதியதை யாராவது மாற்றினால் காட்டிக் கொடுக்காது. ஜி.எஸ்.டி. பில்லுக்கும் கணக்குத் தாக்கலுக்கும் தனி ஏற்பாடு வேண்டும். அந்தப் பதிவுகளை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும் என்கிறது சட்டம். அத்தனை காலம் கழித்தும் திறக்கக் கூடிய பைல்தானா என்று புரோகிராம் வாங்கும்போதே கேளுங்கள். வெறும் எழுத்தாக எடுத்துத் தர முடியாது என்றால் வாங்காதீர்கள்.

தினமும் கடை அடைக்கும் முன் சிட்டையைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். மாதம் ஒரு முறை அச்சிட்டு வையுங்கள். சரக்கு தீர்ந்தால் மறுபடி வாங்கலாம். கணக்கு தொலைந்தால் எந்த மண்டியிலும் கிடைக்காது. வணிகப் பெருமக்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.