நோயின் தடுமாற்றமா, மொழியின் தடுமாற்றமா?

தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே நம்மவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. எங்கள் லூமுட் பக்கத்திலும் யாராவது சற்று மாறிப் பேசினால், "அங்கே அனுப்ப வேண்டியதுதான்" என்று கேலி செய்வதுண்டு. ஈப்போவுக்கு அருகே 1911-இல் தொடங்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனையின் இன்றைய பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. அதே 1911-இல்தான் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் மனச்சிதைவு நோய் பற்றிய தம் நூலை வெளியிட்டார். எண்ணங்களை இணைக்கும் இழை தளர்ந்து போவதை இந்நோயின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாக அவர் கருதினார்.

அந்தத் தளர்ச்சி பேச்சில் தெரியும். "பஸ் வந்தது, பஸ் நீலம், கடலும் நீலம், கடற்படை என்னைத் தேடுகிறது" என்பதுபோல் பேச்சு தடம் மாறும். சிலர் புதுச்சொற்களை உருவாக்குவர். சிலர் ஓரிரு சொற்களோடு நிறுத்திவிடுவர். பழமொழியின் உட்பொருள் பலருக்குப் பிடிபடாது. ஆகவே, மருத்துவர்கள் பழமொழிக்குப் பொருள் கேட்டுப் பார்ப்பதும் உண்டு.

இங்கேதான் நம் சிக்கல் தொடங்குகிறது. 'காச்சாங் லுப்பாக்கான் கூலிட்' என்பதற்குப் பொருள் கேட்டால், தோட்டத்திலேயே வாழ்ந்து முதிர்ந்த ஒருவர் கடலையையும் தோலையும் பற்றித்தான் சொல்வார். நன்றி மறந்தவனை அது குறிக்கும் என்பது மலாய்ப் பள்ளியில் படித்த நமக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாத மொழியில் ஓரிரு சொற்களில் பதில் சொல்வதும் நோயின் அறிகுறியாகத் தோன்றலாம். மாறாக, உண்மையான அறிகுறியை "மலாய் வராதவர்" என்று ஒதுக்கிவிடவும் கூடும்.

உறவினரை மொழிபெயர்க்கச் சொன்னால் போதாதா? போதாது. மேற்சொன்ன பேச்சை மகன் "பஸ்ஸில் கடலுக்குப் போனாராம்" என்று திருத்திச் சொல்லிவிடுவான். பாசத்தில் செய்வதுதான். ஆனால், மருத்துவர் கேட்க வேண்டியது அந்தச் சிதைவைத்தானே! அதைச் சிதைந்தபடியே சொல்லப் பயிற்சி வேண்டும்.

எனவே, மனநோயாளியைத் தாய்மொழியில் பரிசோதிப்பது சலுகையன்று; சரியான மருத்துவத்தின் முதற்படி. தமிழறிந்த மருத்துவர் இல்லாத இடத்தில், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளராவது இருக்க வேண்டும். மருத்துவமும் உளவியலும் மொழியியலும் பயிலும் நம் மாணவர்கள் இதற்கு முன்வரலாம். மேடையில் தமிழை வாழ்த்துகிறோம், வாழ்த்தட்டும். மருத்துவர் அறையில் தமிழ் தவிர வேறு மொழி வராமல் தவிப்பவருக்கும் அந்தத் தமிழ் துணை நிற்க வேண்டாமா? சிந்திப்போம், தோழர்களே!