நேரமில்லாத வீட்டிற்கு ஏன் ஒரு கிளி?

வீட்டிற்குள் முதன்முதலாக ஒரு பறவைக் கூண்டு வந்து சேரும் கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. கோடை விடுமுறை தொடங்குகிறது, பிள்ளை அடம்பிடிக்கிறது. நாய் வேண்டாம், குரைக்கும், அடுத்த வீட்டார் சண்டைக்கு வருவர். பூனை வேண்டாம், பால் தங்காது. மீன்தொட்டியின் நீரை மாற்ற யாருக்கும் பொழுதில்லை. ஆகவே, 'ஒரு கிளி வாங்கிக் கொடுத்துவிடலாம். அதுபாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும்' என்று பெரியவர்கள் முடிவு செய்கின்றனர். தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து டியூஷனுக்கும் டியூஷனிலிருந்து பாட்டு வகுப்புக்கும் ஓடும் வீடு, இப்படிப்பட்ட வீட்டிற்கு மிகவும் ஏற்றது பறவையே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் தவறானது, இரக்கமற்றதுங்கூட. இதை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். கிளி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது சிவந்த அலகும் நீண்ட வாலும் கொண்ட பச்சைக்கிளி. நம் கோயிற்சிற்பங்களிலும் தாலாட்டுகளிலும் இடம்பெற்ற பறவை அது. அதைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், கூண்டிலிட்டு வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். 'எங்கள் தாத்தா காலத்திலிருந்து வளர்க்கிறோம்' என்பது இதற்கு விடையாகாது. மரப்பொந்திலிருந்து இறகு முளைக்காத குஞ்சுகளை எடுத்து வந்துதான் இவ்வணிகம் நடக்கிறது. வழியில் செத்துப்போகும் குஞ்சுகள் எவர் கணக்கிலும் வருவதில்லை. கடைக்காரர் சொல்லும் விலை, பிழைத்திருக்கும் ஒன்றின் விலை மட்டுமே. அதைக் கொடுத்து வாங்குகிறவர், அடுத்த ஆண்டும் பொந்துகளைத் தேடிச் செல்லுமாறு வேட்டைக்காரருக்கு முன்பணம் கொடுத்தவராகிறார். பாதுகாக்கப்பட்ட பறவையை வாங்கிவந்து பிள்ளையின் கையில் கொடுக்கும் பெற்றோர், சட்டத்தை மீறலாம் என்னும் பாடத்தையும் சேர்த்தே கொடுக்கின்றனர்.

'அப்படியானால் லவ் பேர்ட்ஸ் வாங்கலாமே' என்பர். நம் ஊர்க் கடைகளில் இப்பெயரால் விற்கப்படும் சின்னஞ்சிறு பறவைகளில் பெரும்பாலானவை உண்மையில் பட்ஜரிகர் என்னும் ஆஸ்திரேலியக் கிளிகளே. லவ் பேர்ட்ஸ் என்ற பெயருக்கு உரியவை ஆப்பிரிக்காவையும் மடகாஸ்கரையும் சேர்ந்த வேறு பறவைகள். பட்ஜரிகர்களை 1840இல் ஜான் கூல்ட் என்னும் பறவையியலார் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன்பின் அவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து உலகெங்கும் பரவின. அவற்றை வாங்குவதைச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் சட்டம் நிற்கும் இடத்தில் மனச்சான்றும் நின்றுவிட வேண்டுமென்பதில்லை.

அப்பறவையின் இயல்பைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிகளில், நீரையும் புல்விதையையும் தேடிப் பெருங்கூட்டமாகப் பறந்து திரியும் இனம் அது. உண்பதும் உறங்குவதும் கூட்டத்தோடுதான். கூட்டத்தைப் பிரிந்த பறவை பருந்துக்கு இரை. ஆதலால் தனிமை என்பது அதன் உடம்புக்கே அச்சமாக இருக்கிறது. இத்தகைய உயிரைத்தான், 'ஒன்றே ஒன்று வாங்குங்கள். இணை இல்லாமல் வளர்த்தால்தான் பேசும்' என்று கடைக்காரர் நம் கையில் தருகிறார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. கிளிகள் தம் கூட்டத்தாரின் ஒலியைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் திறன் பெற்றவை. சொந்த இனத்தின் குரல் கேட்காத இடத்தில், வீட்டில் நடமாடும் மனிதரையே கூட்டமாகக் கொண்டு, அவர்தம் ஒலியைப் பயில்கின்றன. பேசும் கிளியைக் கண்டு நாம் கைதட்டி மகிழ்கிறோம். அது நம் மொழியைப் பேசுவதோ, தன் மொழியில் பேச அருகில் எவருமில்லாமையால்!

அந்த மனிதக் கூட்டமும் காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறது. மாலையில் திரும்பும்போது அனைவரும் களைத்திருக்கின்றனர். பகலெல்லாம் வெற்றுச் சுவரைப் பார்த்திருந்த பறவை குரலெழுப்பினால், 'இதன் கத்தல் தாங்கவில்லை' என்று கூண்டின்மேல் துணியைப் போர்த்துகின்றனர். பேசுவதற்காக வாங்கிய உயிரைப் பேசியதற்காகவே இருட்டில் வைக்கிறோம். தனிமையும் சலிப்பும் மிகுந்த கிளிகள் தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொள்வதுண்டு. அதற்கு மருந்துக்கடையில் மருந்து கிடையாது.

பரபரப்பான வீடு பறவையின் உடலுக்கும் ஒவ்வாதது. அதற்கு நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். நம் வீட்டுக் கூடத்திலோ நள்ளிரவு நெருங்கும்வரை தொலைக்காட்சி ஓடுகிறது. கூண்டைத் திறந்தால் மேலே மின்விசிறி சுழல்கிறது. அடுப்பங்கரையில் இன்னொரு பகை காத்திருக்கிறது: அளவுமீறிச் சூடேறிய நான்-ஸ்டிக் தோசைக்கல்லிலிருந்து எழும் ஆவி, மனிதருக்குத் தெரியாமலே அருகிலுள்ள பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடக்கூடும். பறவையின் மூச்சு அத்துணை நுண்மையானது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறிய 1986 வரை கேனரிப் பறவைகளைக் கொண்டு சென்றது இக்காரணத்தால்தான். மேலும், நோயுற்ற பறவை தன் நோயை இயன்றவரை மறைக்கும். நலிந்ததைக் காட்டிக்கொண்டால் பகைவிலங்கின் கண்ணில் படும் என்பது அதன் இயற்கை அறிவு. நாள்தோறும் அருகிலிருந்து உற்றுநோக்குகிறவருக்கே எச்சத்தின் நிறம் மாறியதும், இரை குறைந்ததும், இறகைச் சிலிர்த்து ஒடுங்கி உட்கார்ந்ததும் தெரியும். நேரமில்லாத வீட்டில் நோய் தெரியவரும் நாளே பெரும்பாலும் பறவையின் கடைசி நாளாகவும் இருக்கிறது.

'பிள்ளைக்குப் பொறுப்பு வரும்' என்பது பெற்றோர் எடுத்து வைக்கும் பெருங்காரணம். பொறுப்பு நல்ல பண்புதான். ஆனால் அதைக் கற்றுக்கொடுக்கும் கடமையை எடைகுறைந்த ஒரு சின்னப் பறவையின் தலையில் ஏற்றுவது எவ்வகை நியாயம்? பத்து வயதுப் பிள்ளை ஒருநாள் தண்ணீர் வைக்க மறந்தால், பாடம் பிள்ளைக்கு, தாகம் பறவைக்கு! பெரியவர்கள் ஓர் உயிரைப் பேணுவதைக் கண்டே பிள்ளைகள் பொறுப்பைக் கற்கின்றனர். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுப்பதைப் பழிக்கும் பழமொழி நம்மிடம் உண்டு. வளர்க்கவே நேரமில்லாத கையில் கிளியைக் கொடுப்பது அதைவிட எவ்வகையில் மேலானது?

இனி, நாம் கேட்க அஞ்சும் கேள்விக்கு வருவோம். பிள்ளை ஏன் பறவை கேட்கிறது? பள்ளி விட்டு வரும்போது தன்னை எதிர்நோக்கி ஓர் உயிர் வீட்டில் இருக்க வேண்டும், தன் குரலுக்கு மறுகுரல் வரவேண்டும் என்பதே பல பிள்ளைகளின் உள்ளக் கிடக்கை. அது கேட்பது துணையை. துணையாக நாம் அமர முடியாத குறையைக் கூண்டு ஒன்றை வாங்கி மூடிவிடப் பார்க்கிறோம். அதன் விளைவாக, ஒரு தனிமை இருந்த வீட்டில் இரண்டு தனிமைகள் குடியேறுகின்றன. நாள்தோறும் அரைமணி நேரம் தொலைபேசியைத் தள்ளிவைத்துப் பிள்ளையோடு அமர்ந்து பேச இயலாத வீடு, பறவைக்கு எங்கிருந்து நேரம் கொடுக்கப் போகிறது?

அப்படியெனில் எவருமே பறவை வளர்க்கலாகாதா என்று கேட்கலாம். அவ்வாறு நாம் சொல்லவில்லை. பகலெல்லாம் வீட்டிலிருக்கும் பாட்டி, பாட்டிக்குத் துணையாக இரண்டு பட்ஜரிகர்கள், அவற்றைப் பேணுவதில் ஈடுபடும் பேரப்பிள்ளைகள் என அமைந்த வீடுகள் உண்டு. அங்கே பறவையும் வாழ்கிறது, வீடும் வாழ்கிறது. ஆனால் வாங்குமுன் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக வாங்க ஆயத்தமா? இறகை முழுதும் விரித்துப் பக்கவாட்டில் பறக்குமளவு அகலமான கூண்டுக்கு இடமுண்டா? போதிய அசைவுக்கு இடமில்லாத கூண்டில் உயிரை அடைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே குற்றமென்கிறது. பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் குடும்பத்தோடு ஊருக்குப் போகையில் இரை வைப்பவர் யார்? பறவைகளுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் அருகில் உண்டா? நன்கு பேணினால் இச்சிறு கிளி ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வாழும். இன்று அடம்பிடிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கல்லூரிக்குப் போன பின்னும் கூண்டைத் துடைக்கப் போவது யார்? இவற்றுள் ஒன்றுக்கேனும் 'பார்த்துக்கொள்ளலாம்' என்பது விடையானால், வாங்காதிருப்பதே அறம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், இதைப் படித்த வேகத்தில் கூண்டைத் திறந்துவிட வேண்டா. கூண்டில் பிறந்த அயல்நாட்டுப் பறவைக்கு நம் வானம் விடுதலையாவதில்லை. இரைதேடத் தெரியாத அது காக்கைக்கு இரையாகும். பச்சைக்கிளி வைத்திருப்போர் வனத்துறையினரிடம் ஒப்படைக்கட்டும். மற்றவர்கள் இணையொன்றைச் சேர்த்து, கூண்டைப் பெரிதாக்கி, நேரத்தையும் கொடுக்கட்டும்.

பறவையே இல்லாமல் பிள்ளை வளர வேண்டுமா என்னும் ஏக்கத்திற்கும் வழியுண்டு. சென்னை இராயப்பேட்டையில் ஒளிப்படக்கருவி பழுதுபார்க்கும் எளியவர் ஒருவர், மொட்டைமாடியில் ஊறவைத்த அரிசியைப் பரப்பியே ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளை வரவழைத்தார். அவர் ஒரு கிளியையும் கூண்டில் அடைக்கவில்லை. அத்தனை கிளிகள் நமக்கு வேண்டாம். சன்னலோரம் ஒரு மண்சட்டியில் தண்ணீர், ஒரு பிடி தானியம், நாள்தோறும் சட்டியைக் கழுவி வைக்கும் சிறு பொறுப்பு: இவை போதும். காக்கையும் புறாவும் வரும். நற்பேறிருந்தால் சிட்டுக்குருவியும் மைனாவும் வரும். நேரமில்லாத நாளில் நாம் மறந்தாலும் அவை வேறிடத்தில் நீரருந்திப் பிழைத்துக்கொள்ளும். விரும்பி வந்து, விரும்பியபோது பறந்துபோகும் உயிரின்மீது வைக்கும் அன்பே பிள்ளைக்கு நாம் முதலில் கற்பிக்க வேண்டிய அன்பு. அதைக் கற்பிக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளையோடு சன்னலருகே சற்று நேரம் நின்றாலே போதும்.